பேனரில் இருப்பவள் நான்தான்

சிவன்மலை முருகன் துணை

அவிநாசி,
19-8-2007

அன்புள்ள மாமாவுக்கு,

மருதம்மாள் எழுதுவது. நலம் என்று முதல் வரியில் எழுதத்தான் கை போகிறது. இதுவரை அனுப்பிய எல்லாக் கடிதத்திலும் அப்படித்தான் எழுதினேன். இதில் எழுதவில்லை. நீங்கள் அங்கே நன்றாக இருக்க வேண்டும், அதைத்தான் தினமும் கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் கடிதம் கிடைத்தது. ஜோர்டான் வெயிலுக்கு முன்னால் நம் ஊர் சித்திரை ஒன்றுமில்லை என்று எழுதியிருந்தீர்கள். கட்டிங் ஹாலில் ஏசி போட்டுவிட்டார்கள் என்று படித்த பிறகுதான் நிம்மதி. நம் பிள்ளை சண்முகப்பிரியா காலாண்டுப் பரீட்சைக்குப் படிக்கிறாள். கெமிஸ்ட்ரி மட்டும் பிடிக்கவில்லை என்று புலம்புகிறாள். பனியன் கம்பெனியில் தீபாவளிக்கு முன்னால் ஏற்ற வேண்டிய ஆர்டர் என்று சனிக்கிழமையும் ஓவர்டைம் போடுகிறார்கள்.

கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தீர்களே, அண்ணன் கொண்டுவரும் பத்திரத்தில் சத்தமில்லாமல் கையெழுத்துப் போட்டுவிடு, பொம்பளை தனியாக இருக்கிற ஊட்டுக்கு எதற்கு வம்பு என்று. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

நான் கையெழுத்துப் போடவில்லை. போடவும் மாட்டேன். போனில் இதைச் சொல்லி முடிப்பதற்குள் கார்டு தீர்ந்துவிடும். பக்கத்தில் ஆட்களும் நிற்பார்கள். கோபத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு முழுதும் படியுங்கள்.

வைகாசியில் எனக்குக் காய்ச்சல் என்று சொன்னேன் அல்லவா? அது காய்ச்சல் இல்லை.

பூங்காற்றுச் சூரணம் தின்பதற்கு முன்னால் நான் எப்படி இருந்தேன் என்று உங்களுக்குத் தெரியும். செக்கிங் டேபிளில் பறக்கிற பஞ்சுத் தூசியைக் குடித்துக் குடித்துப் பன்னிரண்டு வருஷ மூச்சிழுப்பு. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்குவேன். மூலிகைச் செம்மல் கந்தப்பனார் கொடுத்த அந்தச் சூரணத்தைத் தேனில் குழைத்துத் தின்ற ஒரே வாரத்தில் காலை நீட்டிப் படுத்தேன். சிவன்மலைப் படியை நிற்காமல் ஏறினேன், நீங்கள்தான் பாதியில் உட்கார்ந்தீர்கள். நன்றாகப் பசித்தது. கன்னம் திரண்டது. கல்யாணத்தன்றுகூட நீ இப்படி இல்லை என்று சொன்னீர்கள். அந்தச் சந்தோஷத்தில்தான் கந்தப்பனாரின் ஆட்கள் காமிராவை நீட்டியதும் பேசினேன். அன்றைக்கு நான் பொய் சொல்லவில்லை. உடம்பு சொன்னதை வாய் சொன்னது.

ஆனால் அன்று பேசியதை உள்ளூர் கேபிளில் இன்னும் தினமும் காலையில் பக்திப் பாட்டு முடிந்ததும் போடுகிறார்கள். "எம்பேரு மருதம்மாளுங்க. அவிநாசிங்க. பன்னண்டு வருசமா இழுப்புங்க. பூங்காத்துச் சூரணம் தின்னு மூணே மாசத்துல மலையேறி எறங்கறனுங்க. எம்மொகத்தப் பாருங்க, உங்களுக்கே தெரியும்." உடனே கந்தப்பனார் திரையில் வந்து, பௌர்ணமி நிலாவாய் ஜொலிக்கும் இந்த முகத்தைவிட வேறு சாட்சி வேண்டுமா என்று கேட்பார். இழுப்பு மட்டுமில்லை, சர்க்கரை, மூட்டுவலி, குழந்தையின்மை எல்லாம் தீரும் என்று கீழே எழுத்து ஓடும். கம்பெனியில் என் பேரே டிவி அக்கா.

சித்திரையில் அவர் மலேசியா போய்விட்டார். திருப்பூர் லாட்ஜில் மாதாமாதம் நடத்துகிற முகாம் அந்த மாதம் இல்லை. என் டப்பாவில் அடியில் ஒட்டியிருந்ததுதான் மிச்சம். உடம்புதான் சரியாகிவிட்டதே என்று நானும் விட்டுவிட்டேன். கொஞ்ச நாளில் கைகால் துவண்டது. தண்ணீர் குடித்தால்கூட வாந்தி. எழுந்து நின்றால் கண் இருட்டியது. அதற்கு மேல் இழுப்பு வந்தது பாருங்கள், அது பழைய இழுப்பு இல்லை. நெஞ்சின் மேல் ஆட்டுக்கல்லை ஏற்றிய மாதிரி இருந்தது. சண்முகப்பிரியா ஆட்டோ பிடித்து அவிநாசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அங்கே பார்த்தவர்கள் ஆம்புலன்சில் ஏற்றி கோயம்புத்தூருக்கு அனுப்பிவிட்டார்கள். வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, கண்ண மூடாத, எங்கூடப் பேசு" என்று சொல்லிக்கொண்டே வந்தாளாம். எனக்கு நினைவில்லை. உங்களுக்குச் சொல்ல வேண்டாம் என்று அவளைத் தடுத்தது நான்தான். கடல் தாண்டி இருக்கிறவர் என்ன செய்ய முடியும்?

கோயம்புத்தூரில் நெஞ்சு நோய்ப் பிரிவில் ஒரு டாக்டரம்மா. என் வயிற்றில் ஊதா நிறத்தில் ஓடுகிற கோடுகளையும், லேசாகப் பட்டாலே கன்றிப்போகிற கையையும் பார்த்தார். எத்தனை மாதமாக ஸ்டீராய்டு சாப்பிடுகிறீர்கள் என்றார். இங்கிலீஷ் மருந்தே தொடுவதில்லைங்க, மூலிகைதானுங்க என்றேன். டப்பாவைக் கொண்டுவரச் சொன்னார். அடியில் இருந்த பொடியைச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்தது. அதில் ஸ்டீராய்டு மாத்திரையைப் பொடி செய்து கலந்திருக்கிறார்கள், மாமா.

அது விஷம் இல்லையாம். தேவைப்பட்டவர்களுக்கு அளவு பார்த்து டாக்டர் கொடுத்தால் உயிரைக் காப்பாற்றுகிற மருந்துதானாம். என்ன தின்கிறோம் என்றே தெரியாமல் மாதக்கணக்கில் தின்றால் எலும்பு, தோல், கண் என்று ஒவ்வொன்றாகக் கெடுக்குமாம். அப்படித் தின்றுவிட்டுச் சட்டென்று நிறுத்தினால் ஆளையே சாய்த்துவிடுமாம். எனக்கு நடந்தது அதுதான். முகம் திரள்வதும் அந்த மருந்தின் வேலைதான். எங்கள் படிப்பில் அதற்கு நிலா முகம் என்றே பெயர் வைத்திருக்கிறோம் என்றார் டாக்டரம்மா. நான் சிரித்துவிட்டேன். கந்தப்பனார் தெரிந்தே சொன்னாரோ, தெரியாமல் சொன்னாரோ, சரியான பேரைத்தான் சொல்லியிருக்கிறார்.

நாட்டு மருந்துக்கு நான் எதிரி இல்லை. நம் அவிநாசி ஆஸ்பத்திரியிலேயே சித்தா டாக்டர் இருக்கிறார். அவரிடமும் போய்க் கேட்டேன். என்னைவிட அவருக்குத்தான் கோபம் அதிகம். மருந்தில் என்ன சேர்ந்திருக்கிறது என்று டப்பாவில் எழுதாதவனும், எல்லா நோயும் தீரும் என்கிறவனும் எங்கள் ஆள் இல்லையம்மா, எங்கள் பேரை விற்கிறவன் என்றார். மருந்துக் கட்டுப்பாட்டு ஆபீசுக்கு மனு எழுதிக் கொடுத்ததும் அவர்தான். நானே கோயம்புத்தூர் போய்க் கொடுத்தேன். நீங்கள் கொண்டுவந்த பொடி செல்லாது, நாங்களே போய் எடுத்தால்தான் கேசுக்கு ஆகும், விசாரிக்கிறோம் என்றார்கள். விசாரிக்கிறார்கள், விசாரிக்கிறார்கள், இன்னும் விசாரிக்கிறார்கள்.

சரி, பிழைத்தாயிற்று, இனி வாயை மூடிக்கொண்டு இருக்கலாமே என்று கேட்பீர்கள். இருந்திருப்பேன். ஒச்சாயியைப் பார்க்காமல் இருந்திருந்தால்.

ஒச்சாயி எங்கள் செக்ஷனில் தைக்கிறவர்களுக்குத் துணி மடித்துக் கொடுக்கிற கைமடி வேலைக்கு இருக்கிறவள். உசிலம்பட்டிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவள், புருஷன் இல்லை. அவளுக்கும் இழுப்பு. அரசு டாக்டர் கொடுத்த இன்ஹேலரை உறிஞ்சிக்கொண்டு எப்படியோ வேலை பார்த்து வந்தாள். நான் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வேலைக்குப் போன அன்று அவள் முகத்தைப் பார்த்தேன். கன்னம் உப்ப ஆரம்பித்திருந்தது. ஒச்சாயி கலரேறிட்டா என்று எல்லோரும் கேலி பண்ணிக்கொண்டிருந்தார்கள். பாத்ரூம் பக்கம் கூட்டிப்போய்க் கேட்டேன். இன்ஹேலரை எறிந்துவிட்டாளாம். "ஒம் மூஞ்சியப் பாத்துத்தேன வாங்குனேன், யக்கா" என்றாள்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நம்பவில்லை. டிவியில் தினமும் நீ நல்லா இருக்கேன்னுதான சொல்ற என்றாள். அவளோடு சண்டை போட்டு ஜெயிக்க முடியவில்லை, மாமா. எதிரே நிற்கிற என்னைவிட டிவியில் வருகிற என்னைத்தான் அவள் நம்பினாள். கடைசியில் என் சேலையை விலக்கி வயிற்றுக் கோடுகளைக் காட்டினேன். அவள் தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சூரணத்தைச் சாக்கடையில் கொட்டுகிறேன் என்று எழுந்தவளை நான்தான் தடுத்தேன். என்னை மாதிரி அவளும் விழுந்துவிடக் கூடாதே. டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். இப்போது அவர் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வருகிறாள்.

ஒரே செக்ஷனில் ஒரு ஒச்சாயி என்றால் இந்தத் திருப்பூர் முழுக்க எத்தனை பேர்? பஞ்சு பறக்காத கம்பெனி ஏது?

கேபிள் ஆபீசுக்குப் போய் என் படத்தை நிறுத்துங்கள் என்றேன். "அவரு பணம் கட்டி நேரம் வாங்கியிருக்காருங்க. நீங்களே சிரிச்சுக்கிட்டுத்தானுங்க சொல்றீங்க" என்றார் அங்கே இருந்தவர். நான் கேட்டுவிட்டு வந்த சங்கதி கந்தப்பனார் காதுக்குப் போய்விட்டது. மூன்றாம் நாள் உங்கள் அண்ணன் பத்திரத்தோடு வந்தார்.

அண்ணன் என்று நீங்கள் மரியாதை வைத்திருக்கிறீர்கள். நானும் இன்றுவரை அவர் எதிரே உட்கார்ந்ததில்லை. ஆனால் ஆனி மாதத்திலிருந்து அவிநாசியில் பூங்காற்றுச் சூரணத்துக்கு ஏஜென்சி அவருடைய மளிகைக் கடைதான். அதை அவர் உங்களுக்கு எழுதியிருக்க மாட்டார். அந்தப் பத்திரத்தில் என்ன எழுதியிருந்தது என்றும் சொல்லியிருக்க மாட்டார். நான் பத்தியம் தவறியதால் நோய் திரும்பியதாம். கத்தரிக்காயும் கருவாடும் தின்றேனாம். புத்தி குழம்பி அவதூறு பேசிவிட்டேனாம். அதற்காக மன்னிப்பும் கேட்கிறேனாம். கையெழுத்துப் போடாவிட்டால் மானநஷ்ட வழக்காம்.

நல்லதானால் மருந்து, கெட்டதானால் கத்தரிக்காய். இது எந்த ஊர் நியாயம்?

"சாமி, நம்ம புள்ள கல்யாணத்தையாவது நெனச்சுப் பாரு" என்று உங்கள் அண்ணன் கேட்டார். நினைத்துத்தான் பார்க்கிறேன். அம்மாவுக்குப் புத்தி குழம்பிவிட்டது என்று அம்மாவே எழுதிக் கொடுத்தால் அந்தப் பிள்ளைக்கு நல்ல சம்பந்தம் வந்துவிடுமா? பத்திரத்தை மடித்து அவரிடமே கொடுத்து, காபி குடித்துவிட்டுப் போங்க என்றேன். குடிக்காமல் போய்விட்டார்.

செப்டம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை திருப்பூரில் அவருடைய முகாம். நான் போகிறேன். விளம்பரத்தில் கட்டியிருந்த அதே மாம்பழ நிறச் சேலையைக் கட்டிக்கொண்டு போய் லாட்ஜ் படியில் நிற்கப் போகிறேன். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது அது நடந்து முடிந்திருக்கும். உங்களிடம் அனுமதி கேட்கவில்லை, சொல்லிவிட்டுச் செய்கிறேன்.

வேளா வேளைக்குச் சாப்பிடுங்கள். முருகன் உங்களைக் காக்கட்டும்.

உங்கள்,
மருதம்மாள்

—

சிவன்மலை முருகன் துணை

அவிநாசி,
23-9-2007

அன்புள்ள மாமாவுக்கு,

மருதம்மாள் எழுதுவது. உயிரோடும் தெம்போடும் இருக்கிறேன். இந்தத் தடவை இதைக் கூசாமல் எழுதலாம்.

முந்தாநாள் போனில் நான் சொல்லச் சொல்ல நீங்கள் பேசாமலே இருந்தீர்கள். லைன் கட்டாகிவிட்டதோ என்று ரெண்டு தடவை ஹலோ ஹலோ என்றேன். பின்னால் யாரோ இந்தியில் சிரிக்கிற சத்தம் கேட்டது, அதனால் லைன் இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். கடைசியில் "சாப்பிட்டயா" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டீர்கள். கோபமா, வருத்தமா, ஒன்றும் புரியவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். மற்றவர்கள் சொல்லி நீங்கள் கேட்க வேண்டாம்.

முகாம் அன்று விடிந்ததும் ஒச்சாயியும் நானும் பஸ் ஏறினோம். சண்முகப்பிரியா நானும் வருவேன் என்று அடம்பிடித்தாள். பரீட்சை இருக்கிறது என்று விட்டுவிட்டு வந்தேன். கொசுவத்தை அவள்தான் சரிசெய்து விட்டாள். "பயப்படாம பேசும்மா, டிவியில பேசின மாதிரியே பேசு" என்றாள்.

லாட்ஜ் வாசலில் அவ்வளவு கூட்டம். பெருமாநல்லூரிலிருந்து, பல்லடத்திலிருந்து, மடத்துக்குளத்திலிருந்துகூட ஆட்கள். டோக்கன் வாங்கிக்கொண்டு மாடிப்படி முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். வாசலுக்கு மேலே பெரிய பேனர். அதில் ஒரு பக்கம் கந்தப்பனார், மறு பக்கம் நான். என் முகம் மட்டும் ஒரு கதவு அகலம் இருக்கும்.

நான் அந்தப் பேனருக்குக் கீழே நின்று, அய்யா அம்மா, இந்த மருந்தைத் தின்னாதீங்க என்றேன். ஒருவரும் திரும்பவில்லை. சத்தமாகச் சொன்னேன். வரிசையில் முன்னால் இருந்த பெரியவர், "நீ யாரும்மா? எந்த வைத்தியர் அனுப்புனாரு உன்னைய?" என்றார். மேலே இருக்கிறது நான்தானுங்க என்று பேனரைக் காட்டினேன். அவர் அண்ணாந்து பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்தார். "அந்தம்மா நெலாவாட்டம் இருக்குது. நீ வாடுன வெண்டக்காயாட்டம் இருக்கற." சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். மேலே படத்தில் நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

சேலையைக் காட்டினேன். இந்தச் சேலை கடைக்குக் கடை தொங்குது என்றாள் ஒருத்தி. ஒச்சாயிக்கு ஆத்திரம் வந்து, "இவதேன் அவ! கண்ணத் தொறந்து பாருங்கய்யா" என்று கத்தினாள். அதைக் கேட்டதும்தான் எனக்கு ஒன்று தோன்றியது. கண்ணைத் திறந்து பார்த்து என்ன பிரயோஜனம்?

எல்லாரும் கண்ண மூடிக்கிட்டுக் கேளுங்க என்றேன். மூடினார்களோ இல்லையோ, நான் மூடிக்கொண்டேன். காமிராவுக்கு முன்னால் எப்படிப் பேசினேனோ அதே குரலில், அதே இழுவையில் சொன்னேன். "எம்பேரு மருதம்மாளுங்க. அவிநாசிங்க. பன்னண்டு வருசமா இழுப்புங்க..."

மாமா, தினமும் காலையில் அவர்கள் எல்லோரும் கேட்கிற குரல் அது. பல் தேய்க்கும்போதும் அடுப்பு பற்ற வைக்கும்போதும் கேட்கிற குரல். முழுக்கச் சொல்லி முடித்துக் கண்ணைத் திறந்தேன். அந்தப் பெரியவர் எழுந்து பக்கத்தில் வந்து, "அட, அந்தம்மாவேதான்" என்று மெதுவாகச் சொன்னார். அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை. "என்னம்மா ஆச்சு உனக்கு?" என்றார்.

சொன்னேன். கோடு, கன்னம், ஆம்புலன்ஸ் எல்லாம் சொன்னேன். சோதனை முடிவையும் சொன்னேன். முக்கியமாக, ஏற்கெனவே தின்கிறவர்கள் இன்றைக்கே நிறுத்திவிடாதீர்கள், டப்பாவை எடுத்துக்கொண்டு நேராக டாக்டரிடம் போய்க் காட்டுங்கள், அவர் சொல்கிறபடி குறையுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன்.

எல்லோரும் என் பக்கம் வந்துவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். பழனாயி என்று ஒருத்தி, மூட்டுவலியில் நடக்க முடியாத புருஷனைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு நின்றவள், என்னைத் திட்டிவிட்டாள். "எல்லா ஆஸ்பத்திரியும் பாத்தாச்சு. இதுதானுங்க எங்களுக்குக் கடைசி. அதையும் புடுங்கறீங்களே, உங்களுக்கு நல்லாருக்குமா?" நானும் இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் நின்ற இடத்தில்தான் நின்றேன். புடுங்கலீங்க, நான் விழுந்த குழியைக் காட்டறேன், அவ்வளவுதான் என்றேன். அவள் காது கொடுக்காமல் புருஷனை மேலே கூட்டிப்போய்விட்டாள். அவள் பின்னாலேயே இன்னும் பலர் போனார்கள். சிலர் டோக்கனைக் கிழித்துப்போட்டுவிட்டு இறங்கினார்கள். அந்தப் பெரியவர் போகவும் இல்லை, இறங்கவும் இல்லை. என்ன நடக்கிறது பார்க்கலாம் என்று நின்றார்.

அதற்குள் கந்தப்பனாரே இறங்கி வந்தார். பின்னால் நான்கு ஆட்கள். அவர் கோபப்படவில்லை. டிவியில் பேசுகிற அதே தேன் குரலில், "மருதம்மா, பத்தியம் தவறிவிட்டாயா தாயே? மேலே வா, புதுசாய் மருந்து தருகிறேன்" என்றார். மாமா, அந்தக் குரலைக் கேட்டதும் ஒரு நொடி எனக்கே, நாம்தான் ஏதாவது தப்பாகத் தின்றுவிட்டோமோ என்று இருந்தது. அவ்வளவு வசியம். ஒச்சாயி என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

சேர்மானம் என்னங்க என்று கேட்டேன். டப்பாவுல எழுதி ஒட்டுங்க, இன்னின்ன சேர்ந்திருக்குதுன்னு, அப்புறம் திங்கறவங்க திங்கட்டும் என்றேன். "அது ஏழு தலைமுறையாய்க் காத்துவரும் பரம்பரை ரகசியம்" என்றார். "ரகசியம் உங்க பரம்பரைதுங்க. ஒடம்பு எங்களுதுங்க" என்றேன். என் வாயிலிருந்துதான் வந்தது. யோசித்துப் பேசவில்லை.

படியில் இருந்தவர்களில் யாரோ, "ஆமா, எழுதி ஒட்டுங்க" என்றார்கள். இன்னொருவர். அப்புறம் அந்தப் பெரியவர். அப்போதுதான் கந்தப்பனார் முகம் மாறியது. அவருடைய ஆள் ஒருவன் என் தோளைப் பிடித்துத் தள்ளினான். நான் பேனர் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போலீசைக் கூப்பிடுவோம் என்று மிரட்டினார்கள். கூப்பிடுங்க, நானும் அதைத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன் என்றேன்.

போலீஸ் வருவதற்கு முன்னால் ஒரு ஜீப் வந்து நின்றது. அதிலிருந்து மருந்துக் கட்டுப்பாட்டு இன்ஸ்பெக்டர் இறங்கினார். விசாரிக்கிறோம் என்று சொன்னாரே, அவரேதான். டாக்டரம்மாவும் சித்தா டாக்டரும் ஆள் மாற்றி ஆள் போன் பண்ணி அவரைக் கிளப்பியிருக்கிறார்கள். நேராக மாடிக்குப் போய், டப்பாக்களை எடுத்து எல்லோர் முன்னாலும் அரக்கு வைத்து முத்திரை போட்டார். அவர் இறங்கி வரும்போது கந்தப்பனாரின் கார் பின்வாசல் வழியாகப் போயிருந்தது. பழனாயி படியில் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு டாக்டரம்மாவின் பேரையும் ஆஸ்பத்திரியில் எந்த வார்டு என்பதையும் எழுதிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள்.

நான் ஜெயித்துவிட்டேன் என்று எழுதவில்லை. அரசாங்கச் சோதனை முடிவு இன்னும் வரவில்லை. வந்த பிறகும் கேஸ் வருஷக்கணக்கில் நடக்கும் என்கிறார்கள். எனக்கு வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. உங்கள் அண்ணன் நம் வாசல் வழியாகப் போவதில்லை, சுற்றிக்கொண்டு போகிறார். ஆனால் கடையிலிருந்து அந்த டப்பாவை எடுத்துவிட்டார் என்று சண்முகப்பிரியா பார்த்துவிட்டு வந்து சொன்னாள். அது பயத்தாலா, மனசாலா என்று நான் கேட்கப் போவதில்லை. எடுத்தாரே, போதும்.

கேபிளில் என் படத்தை நிறுத்திவிட்டார்கள். நிம்மதியாக இருந்தது. நேற்றுக் காலையில் வேறொரு சேனலில் அதே பாட்டு, அதே எழுத்து, மருந்துக்கு மட்டும் புதுப் பேர். புதிதாக ஒரு பெண் வந்து பேசுகிறாள். காளியாத்தாளாம், மடத்துக்குளமாம். கன்னம் என்னைவிடப் பளபளப்பு. எத்தனை சந்தோஷமாகச் சிரிக்கிறாள் தெரியுமா! அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒச்சாயியும் நானும் மடத்துக்குளம் போகிறோம். அவள் என்னைத் திட்டுவாள், நம்ப மாட்டாள். நம்பும்வரை உட்கார்ந்திருப்பேன். கந்தப்பனாருக்கு முகங்கள் கிடைத்துக்கொண்டே இருக்கும் என்றால், எனக்கும் பஸ் இருந்துகொண்டே இருக்கும்.

உடம்பைப் பற்றிக் கேட்டால், இழுப்பு போகவில்லை. போகாது என்று டாக்டரம்மா முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். இன்ஹேலரும் மாத்திரையும் இருந்தால் அதை அடக்கி வைத்துக்கொண்டு வேலைக்குப் போகலாம், படி ஏறலாம், நிதானமாக. ஒரு வைத்தியர் முடியாது என்று சொன்னதைக் கேட்டு எனக்கு அவ்வளவு தைரியம் வரும் என்று நான் நினைத்ததில்லை. மூக்கும் வாயும் மூடுகிற துணியை இப்போது எங்கள் செக்ஷனில் எல்லோரும் கட்டிக்கொள்கிறோம். சூப்பர்வைசர் முதலில் முறைத்தார். இப்போது அவரும் கட்டுகிறார்.

இன்னொன்று எழுத வேண்டும். எழுதலாமா வேண்டாமா என்று இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டுப் போய் உலை வைத்துவிட்டு வந்தேன்.

அந்த விளம்பரத்தைச் சிடியில் போட்டு நீங்கள் எடுத்துக்கொண்டு போனதும், ரூமில் எல்லோரும் தூங்கிய பிறகு அதைப் போட்டுப் பார்ப்பதும் எனக்குத் தெரியும். உங்கள் ரூமிலிருந்து லீவில் வந்த பையன் சண்முகப்பிரியாவிடம் சொல்லிவிட்டுச் சிரித்தானாம். அதைக் கேட்டு எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் வரவில்லை. அதைப் பார்க்காதீர்கள் என்று சொல்ல மனம் ஒப்பவில்லை. அதில் இருக்கிற சிரிப்பு என்னுடையது, மாமா. கன்னம் மட்டும் மருந்தினுடையது.

தையில் லீவு கிடைக்கும் என்றீர்கள். நான் கோயம்புத்தூர் ஏர்போர்ட்டுக்கு வருவேன். கூட்டத்தில் நிலா மாதிரி முகத்தைத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு தெரிய, உங்களை விட்டுக் கண்ணை எடுக்காமல் ஒருத்தி நிற்பாள். அவளிடம் வாருங்கள். அடையாளம் தெரியவில்லை என்றால் கண்ணை மூடிக்கொள்ளுங்கள், நான் கூப்பிடுகிறேன்.

அதுவரை முருகன் உங்கள் மூச்சுக்குத் துணையாக இருக்கட்டும்.

உங்கள்,
மருதம்மாள்